குற்றம் எது? குழந்தையின் நீதியுணர்வை ஆராய்ந்தோர் வரலாறு

குழந்தையின் வளர்ச்சியை ஆராயும் அறிவுத்துறையை வளர்ச்சி உளவியல் என்பர். மொழி, அறிவு, அச்சம், தாய்–சேய்ப் பற்று எனப் பல கிளைகளாக விரிந்து கிடக்கும் அத்துறையின் வரலாறு முழுவதையும் ஒரு கட்டுரையில் அடக்குதல் அரிது. ஆதலின் ஒரு கிளையை மட்டும் நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். 'இது குற்றம், இது குற்றமன்று' என்று பிரித்தறியும் உணர்வு குழந்தையிடம் எப்போது தோன்றுகிறது? செயலின் விளைவைக் கொண்டு குற்றத்தை அளப்பதா, செய்தவனின் உள்ளத்தைக் கொண்டு அளப்பதா என்னும் வினாவை அது எவ்வாறு தீர்த்துக்கொள்கிறது? இவையே நாம் காணவிருப்பவை.

இம்சையைத் திரவிய இம்சை, பாவ இம்சை என இருவகைப்படுத்தி, உள்ளத்தில் நிகழ்வதற்கே முதலிடம் தரும் மரபில் வந்தோர்க்கு இவ்வினா புதிதன்று. ஆயினும், அதனை ஐந்து வயதுக் குழந்தையிடமே நேரில் கேட்டறிய வேண்டும் என்ற எண்ணம் மிக அண்மைக் காலத்தில்தான் அறிஞர்க்கு உதித்தது. அதுவரை குழந்தையைப் பற்றிப் பெரியோர் தமக்குள்ளேயே வாதிட்டுக்கொண்டிருந்தனர்.

அவ்வாறு வாதிட்டோருள் இருவரை இங்குக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஆங்கில மெய்யியலார் ஜான் லாக் 1693-ஆம் ஆண்டில் கல்வி பற்றித் தாம் எழுதிய நூலில், குழந்தை பேச்சைப் புரிந்துகொள்ளத் தொடங்கிய நாள்முதல் அதனிடம் காரணம் கூறிப் பேசுதல் தகும் என்றார். அந்நூலில் நம்மவர் கருத்தைக் கவரும் பகுதி ஒன்று உண்டு. சிறுவர் பறவைக் குஞ்சுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பிடித்து வதைப்பதை லாக் கண்டு வருந்தினார். சிற்றுயிரை வதைத்து மகிழப் பழகிய உள்ளம் நாளடைவில் மனிதரிடத்தும் கடுமை கொள்ளும் என்று எச்சரித்தார். தம் பெண்மக்கள் விரும்பிய நாயையும் அணிலையும் பறவையையும் வளர்க்க இசைந்து, அவற்றை முறையாகப் பேணவேண்டும் என்று கண்டிப்பாக இருந்த தாய் ஒருத்தியை அவர் பாராட்டி எழுதுகிறார்.

மற்றவர் ஜெனீவாவில் பிறந்த ரூசோ. 'எமீல்' என்னும் அவரது நூல் 1762-இல் வெளிவந்தது. லாக்கின் கருத்தை அவர் நேராகவே மறுத்தார். பகுத்தறிவு என்பது வளர்ச்சியின் இறுதிப் பயன். அதனையே வளர்ப்புக்கு முதற் கருவியாகக் கொள்வது தலைகீழான முறை என்பது அவர் வாதம். குழந்தைக்கெனத் தனி நோக்கும் தனி எண்ணமும் உண்டு, அதனைச் சிறிய பெரியவராகக் கருதலாகாது என்னும் அவரது கொள்கை பிற்கால ஆய்வு முழுவதற்கும் வித்தாயிற்று. இத்தகைய நூலை எழுதியவர் தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அனாதை விடுதியில் சேர்த்துவிட்டார் என்பதையும் நாம் மறைத்தல் கூடாது. அதனை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொண்டுள்ளார். தம் மக்கள் வளர்வதை ஒருநாளும் கண்டிராதவர் குழந்தை வளர்ச்சி பற்றிப் பெருநூல் செய்தார்.

உற்று நோக்கியவர்

குழந்தையைக் கண்ணாரக் கண்டு எழுதும் மரபு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் தோன்றியது. டீடெமான் என்பவர் தம் மகனைப் பற்றிய குறிப்புகளை 1787-இல் வெளியிட்டார். எனினும், நம் பொருளுக்கு நெருங்கிய சான்றைத் தருபவர் சார்லசு டார்வினே ஆவார். அவருடைய மூத்த மகன் வில்லியம் 1839 டிசம்பரில் பிறந்தான். தந்தை அவனது அழுகை, சிரிப்பு, சினம், அச்சம் அனைத்தையும் நாட்குறிப்பில் எழுதிவந்தார். அக்குறிப்புகள் ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் வெளிவராமல் கிடந்தன. மொழி கற்றல் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் தேன் எழுதிய கட்டுரையைப் படித்த பின்னரே டார்வின் அவற்றைத் தொகுத்து, 1877-இல் 'மைண்ட்' என்னும் ஆங்கில ஆய்விதழில் வெளியிட்டார்.

அதில் ஒரு நிகழ்ச்சி. குழந்தைக்கு வயது இரண்டு ஆண்டும் ஏழரை மாதமும். உணவறையிலிருந்து அவன் வெளியே வருகையில் கண்கள் வழக்கத்திற்கு மாறாக ஒளிர்வதையும், நடையும் தோற்றமும் செயற்கையாக இருப்பதையும் தந்தை கண்டார். உள்ளே சென்று பார்த்தார். எடுக்கலாகாது என்று விலக்கப்பட்டிருந்த பொடித்த சர்க்கரையை அவன் எடுத்துத் தின்றிருந்தான். இக்குழந்தை ஒருபோதும் தண்டிக்கப்பட்டதில்லை. ஆகவே அவன் முகமாற்றத்திற்குத் தண்டனை அச்சம் காரணமாக இருத்தல் இயலாது என்று டார்வின் எழுதுகிறார். இரு வாரங்கள் கழித்து அதே அறையிலிருந்து அவன் தன் மேலாடையைக் கவனமாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். விரித்துப் பார்த்தால் ஊறுகாய்ச் சாற்றின் கறை! முன்னையது உள்ளத்தின் கலக்கம். பின்னையது மறைக்கும் திறன். இரண்டும் பதினைந்து நாள் இடைவெளியில் ஒரே குழந்தையிடம் தோன்றியதைத் தந்தை ஒளிக்காமல் எழுதி வைத்தார்.

டார்வினின் குறிப்பு ஒரு குழந்தையைப் பற்றியது. இருபதாம் நூற்றாண்டு ஆயிரக்கணக்கில் எண்ணத் தலைப்பட்டது. அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்னும் இருவர் பள்ளிச் சிறார் பத்தாயிரம் பேருக்கும் மேற்பட்டோரைச் சோதித்து, 1928 முதல் 1930 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டனர். தேர்வுத்தாளை எழுதி வாங்கி, மாணவர் அறியாமல் விடைகளைப் படியெடுத்துக்கொண்டு, பின் அத்தாளையே அவர்களிடம் தந்து மதிப்பெண் இடச் சொல்வது அவர்கள் கையாண்ட உத்திகளுள் ஒன்று. எவன் விடையை மாற்றினான் என்பது படியை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். முடிவு பலருக்கு அதிர்ச்சி அளித்தது. வகுப்பில் ஏமாற்றும் சிறுவன் விளையாட்டில் நேர்மையாக இருந்தான். விளையாட்டில் ஏமாற்றியவன் வீட்டில் நேர்மையாக இருந்தான். ஞாயிறு சமய வகுப்புக்குத் தவறாமல் சென்ற பிள்ளைகள் மற்றவரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு நேர்மை உடையோராகத் தெரியவில்லை. இவ்வாய்வுக்கு ஆதரவு தந்ததும் சமய ஆய்வுக்கென அமைந்த ஒரு நிறுவனமே என்பதை நினைக்கும்போது, அம்முடிவை அவர்கள் ஒளிக்காமல் அச்சிட்டதை நாம் பாராட்டவேண்டும். அறவுரையை வாயால் சொல்லக் கற்றுக்கொடுப்பது ஒன்று, அதனை உள்ளத்தில் ஊன்றுவது வேறொன்று என்பது எண்ணிக்கையால் புலனாயிற்று. பின்னது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அவ்வெண்கள் கூறவில்லை.

கோலி விளையாட்டும் உடைந்த கோப்பைகளும்

அதனைத் தேடிச் சென்றவர் ழான் பியாஜே. சுவிட்சர்லாந்தின் நெஷாத்தெல் நகரில் 1896-இல் பிறந்தவர். இளமையில் அவர் ஆராய்ந்தவை நத்தைகளும் சிப்பியுயிர்களும். பாரிசு நகரில், காலஞ்சென்ற அறிஞர் பினே நிறுவிய ஆய்வுக்கூடத்தில் சிறாருக்கான அறிவுத்தேர்வுகளைச் சீர்செய்யும் பணி அவருக்குக் கிடைத்தது. சரியான விடைகளை எண்ணுவதே அங்கு வேலை. அவரோ தவறான விடைகளில் மனத்தைச் செலுத்தினார். ஒரே வயதினர் ஒரே வகையாகத் தவறு செய்வதைக் கண்டார். குழந்தையின் தவறு அறியாமையின் வெறுமை அல்ல, அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்ற எண்ணம் அங்கே அவருக்குத் தோன்றியது. 1921-இல் ஜெனீவாவிலுள்ள ரூசோ கழகத்தில் பணியேற்றார். 1932-இல் வெளிவந்த அவரது நூல் குழந்தையின் அறத் தீர்ப்பைப் பற்றியது. நீதியுணர்வின் ஆய்வு வரலாற்றில் இதனை நடுத்தூண் எனலாம்.

அவர் தொடங்கிய இடம் எளியது. ஜெனீவாச் சிறுவரிடம் கோலிக் குண்டுகளைக் கொடுத்து, "எனக்கு இந்த ஆட்டம் மறந்துவிட்டது, கற்றுக்கொடு" என்னும் பாங்கில் பேச்சுக்கொடுத்தார். ஆட்டத்தின் விதிகள் எங்கிருந்து வந்தன, அவற்றை மாற்றலாமா என்று வினவினார். சிறு குழந்தைகள், விதிகளைத் தந்தையோ, ஊர் ஆட்சிப் பெரியோரோ, கடவுளோ ஆக்கியவை என்றனர். மாற்றுதல் ஆகாது என்றனர். வியப்பு யாதெனில், விதியை இவ்வளவு புனிதமாகக் கருதிய அக்குழந்தைகளே ஆடும்போது அவரவர் விருப்பப்படி ஆடினர்! பத்து வயதைக் கடந்த சிறுவரோ, எல்லோரும் ஒப்புக்கொண்டால் விதியை மாற்றலாம் என்றனர். அவர்களே விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர்கள். வெளியிலிருந்து சுமத்தப்பட்டது என்று கருதும்வரை விதி நாவளவில் நின்றது. தாமே உடன்பட்டு ஏற்றபோது அது செயலில் இறங்கிற்று.

அடுத்து, கதைகளைச் சொல்லிக் கேட்டார். அவற்றுள் புகழ்பெற்றது கோப்பைக் கதை. ஒரு சிறுவனை உணவுக்கு அழைக்கின்றனர். அவன் கதவைத் திறக்கிறான். கதவின் பின்னால் நாற்காலிமேல் ஒரு தட்டு, தட்டில் பதினைந்து கோப்பைகள். அவனுக்கு அது தெரியாது. கதவு இடிக்க, பதினைந்தும் உடைகின்றன. மற்றொரு சிறுவன், தாய் வெளியே சென்ற வேளையில் அலமாரியிலுள்ள பழப்பாகைத் திருட நாற்காலிமேல் ஏறுகிறான். கை தட்டி ஒரு கோப்பை விழுந்து உடைகிறது. இருவரில் குறும்பு மிக்கவன் யார்?

ஆறேழு வயதினர் பலரும், பதினைந்து உடைத்தவனே என்றனர். ஒருவன் தெரியாமல் செய்தான், மற்றவன் திருடச் சென்றான் என்பதை அக்குழந்தைகள் அறியாமல் இல்லை. கதையைத் திரும்பச் சொல்லும்போது அவ்வேறுபாட்டையும் சொன்னார்கள். தீர்ப்புக் கூறும்போது மட்டும் எண்ணிக்கையே வென்றது. விளைவைக் கொண்டு அளக்கும் தீர்ப்புகளுக்குச் சராசரி வயது ஏழு, உள்ளக் கருத்தைக் கொண்டு அளப்பவற்றுக்கு ஒன்பது எனப் பியாஜே கணக்கிட்டார். பத்து வயதுக்குப் பின் முன்னைய வகைத் தீர்ப்பு அவர் கேட்ட அளவில் காணப்படவே இல்லை.

பொய்யைப் பற்றியும் அவ்வாறே. நாயைக் கண்டு அஞ்சிய சிறுவன் ஒருவன், பசுவளவு பெரிய நாயைக் கண்டேன் என்று தாயிடம் சொன்னான். வேறொருவன், ஆசிரியர் தனக்கு நல்ல மதிப்பெண் தந்ததாகப் பொய் கூறிப் பரிசு பெற்றான். இளங்குழந்தைகள் முன்னதையே பெரும் பொய் என்றனர். ஏனெனில் பசுவளவு நாய் உலகில் எங்குமே இல்லை! மதிப்பெண் பெறுவதோ நடக்கக்கூடியது. ஏமாற்றும் எண்ணம் உண்டா இல்லையா என்பதை விட்டு, சொல் உண்மையிலிருந்து எவ்வளவு தொலைவு விலகியது என்பதையே அவர்கள் முழம்போட்டு அளந்தனர்.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, விழிப்பின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்தலையே இம்சை என்கிறது. கதவைத் திறந்த சிறுவனிடம் தீய எண்ணம் இல்லை, விழிப்பின்மையும் இல்லை; கதவின் பின்னால் இருப்பதை அவன் காண வழியில்லை. 'தெரியாமல் செய்தேன்' என்பதற்கும் 'பாராமல் செய்தேன்' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பியாஜேயின் கதைகள் தொடவில்லை. நம் ஆசாரியர்கள் தொட்டிருக்கின்றனர்.

பெற்றோரின் பங்கு

குழந்தைகள் ஏன் இவ்வாறு தீர்ப்பளிக்கின்றனர்? குழந்தை மனத்தின் இளமை ஒரு காரணம் என்றார் பியாஜே. மற்றொரு காரணம் பெரியோரே என்றும் சொன்னார். விலைமிக்க பொருள் உடைந்தால் பெருஞ்சினம், மலிந்த பொருள் உடைந்தால் சிறுசினம் என்பதே பல வீடுகளில் வழக்கம். குழந்தையின் கருத்தை எவரும் கேட்பதில்லை. பொருளின் விலைக்கேற்பக் குரல் உயர்வதைக் கேட்டுக் கேட்டுக் குழந்தையும் அவ்வளவுகோலைக் கற்றுக்கொள்கிறது. இன்றும் பித்தளைக் குவளை விழுந்தால் புன்னகையும் கண்ணாடிச் சாடி விழுந்தால் அறையும் தருகிற இல்லங்கள் நம்மிடை இல்லை என்று சொல்ல முடியுமா?

ஆயினும், தண்டிக்காத வீட்டிலும் இது முற்றும் மறைவதில்லை என்பதைப் பியாஜே தம் மூத்த மகள் ஜாக்குலினிடம் கண்டார். மூன்று வயது நிரம்பாத அவளுக்குப் பேதிமருந்து கொடுக்க நேர்ந்தது. படுக்கை நனைந்தால் அது உன் குற்றமன்று, மருந்தின் செயல் என்று தாய் முன்னரே விளக்கியிருந்தார். அப்படியும் அது நேர்ந்தபோது குழந்தை தேம்பி அழுதாள். குற்றமில்லை என்ற சொல் அவளுக்கு ஆறுதல் தரவில்லை. 'செய்யலாகாது' என்று ஒருமுறை பதிந்த விதி, காரணம் எதுவாயினும் தன்னைக் குற்றவாளி ஆக்கும் என்றே அப்பிஞ்சு உள்ளம் உணர்ந்தது. இதிலிருந்து பியாஜே வந்த முடிவு, பெற்றோர் குழந்தைக்குச் சமமாக இறங்கிவந்து, தம் கடமைகளையும் தம் குறைகளையும் குழந்தை அறியுமாறு பேசவேண்டும் என்பது. தந்தையும் பொருளை உடைப்பார், தாயும் மறப்பாள் என்று அறிந்த குழந்தை, விதியை மேலிருந்து விழும் கல்லாகக் காணாது.

அக்காலத்தில் பிரெஞ்சு அறிஞர் தர்க்கைமின் கருத்து பெரிதும் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஒழுக்கம் கட்டுப்பாட்டால் வருவது. ஆசிரியரின் அதிகாரத்தின் வழியே சமுதாயம் குழந்தையுள் புகுகிறது என்பது அவர் கொள்கை. பியாஜே அதனை நூலின் இறுதியில் நீளமாக மறுக்கிறார். ஒத்த வயதினருடன் ஆடி, சண்டையிட்டு, உடன்பாடு கண்டு வளர்வதிலேயே நீதி பிறக்கிறது என்பது அவர் முடிவு. இவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

மேலும் ஒரு கதை உண்டு. இரு சிறுவர் ஆப்பிள் திருடுகின்றனர். ஒருவன் பிடிபட்டுத் தண்டனை பெறுகிறான். மற்றவன் தப்பியோடும் வழியில் பழம்பாலம் முறிந்து ஆற்றில் விழுகிறான். திருடாமல் இருந்தால் பாலம் முறிந்திருக்குமா? ஆறு வயதினரில் நூற்றுக்கு 86 பேர், முறிந்திராது என்றனர். பதினொன்று, பன்னிரண்டு வயதினரில் அவ்வாறு சொன்னவர் நூற்றுக்கு 34. வினைப்பயன் கோட்பாட்டைக் குழந்தைத்தனம் என்று இதனால் எவரேனும் முடிவுகட்டினால் அது பொருந்தாது. மரப்பாலம் திருடனை அறிந்து தண்டிக்கிறது என்று வினைக் கோட்பாடு கூறவில்லை. ஆனால் பிள்ளைகள் அதனை அவ்வாறே விளங்கிக்கொள்ளக்கூடும் என்பதைக் கதை சொல்வோர் மனத்திற்கொள்ளுதல் நலம். காய்ச்சலில் படுத்த குழந்தையிடம் "சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அதனால்தான்" என்று விளையாட்டாகச் சொல்லும் சொல் அதற்கு விளையாட்டு ஆகாது.

வினாவில் இருந்த குறை

பியாஜேயின் முடிவுகள் பல ஆண்டுகள் பாடநூல்களில் ஆட்சி செய்தன. பின்னர் ஆய்வாளர் அவர் கதைகளையே ஆராயத் தொடங்கினர். கோப்பைக் கதையில் கருத்து, விளைவு இரண்டும் ஒருங்கே மாறுகின்றன. பதினைந்து என்னும் எண் காதில் விழுகிறது. கருத்தோ ஊகித்து அறியவேண்டியதாகிறது. இது குழந்தையின் நினைவைச் சோதிக்கிறதா, நீதியைச் சோதிக்கிறதா?

நெல்சன் என்னும் ஆய்வாளர் 1980-இல் வெளியிட்ட சோதனையில் இச்சிக்கலைக் களைந்தார். ஒரு சிறுவன் நண்பனை நோக்கிப் பந்தை எறிகிறான். உடன் விளையாட எறிந்தானா, சினத்தால் அடிக்க எறிந்தானா என்பதைப் படத்திலேயே தெளிவாகக் காட்டினார். பந்து கையில் அகப்பட்டதா, தலையில் பட்டதா என்பதையும் வேறாகக் காட்டினார். இப்படிக் கேட்டபோது மூன்று வயதுக் குழந்தைகளே எறிந்தவன் கருத்தைக் கணக்கில் கொண்டனர். விளைவின் செல்வாக்கு அவர்களிடம் மிகுதியாக இருந்தது உண்மை. எனினும், உள்ளக் கருத்தே தெரியாத பருவம் என்று அவ்வயதைக் கூறுதல் பிழை என்பது நிலைபெற்றது. குழந்தையிடம் இல்லாததாகத் தோன்றியது, நாம் கேட்ட முறையில் இல்லாமற்போனது.

பேசத் தெரியாத குழந்தையையும் பிற்காலத்தார் விட்டுவைக்கவில்லை. வார்னெக்கன், டொமாசெல்லோ இருவரும் 2006-இல் பதினெட்டு மாதக் குழந்தைகள் 24 பேரை ஆராய்ந்தனர். துணி காயப்போடும் ஒருவர் கையிலிருந்து கவ்வி நழுவி விழுந்து, எட்டாமல் தவித்தால், குழந்தைகள் தவழ்ந்தும் தள்ளாடியும் சென்று எடுத்துத் தந்தன. அவரே வேண்டுமென்று கவ்வியை எறிந்தபோது பெரும்பாலும் எடுத்துத் தரவில்லை. தவறி விழுந்ததும் வேண்டி எறிந்ததும் வேறு என்பது ஒன்றரை வயதிலேயே தெரிந்திருக்கிறது!

இதற்கு அடுத்த ஆண்டில் ஹாம்லின் முதலியோர், ஆறு, பத்து மாதக் குழந்தைகள் மேடேறுபவனுக்கு உதவும் பொம்மையை விரும்பி, தடுக்கும் பொம்மையை ஒதுக்கின என்று அறிவித்தபோது உலகெங்கும் அது செய்தியாயிற்று. ஆயின் 2024-இல் வெளிவந்த கூட்டாய்வில் 37 ஆய்வுக்கூடங்கள் ஆயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதனைத் திரும்பச் செய்து பார்த்தன. உதவும் உருவைத் தேர்ந்தவை ஏறத்தாழப் பாதியே. காசைச் சுண்டிவிட்டாலும் அதுவே கிடைக்கும். நற்செய்தியை விரைந்து நம்பும் நம் இயல்புக்கு இது ஒரு கடிவாளம்.

மருந்துக் கதையும் பாரத நாட்டினரின் விடையும்

பியாஜே பன்னிரண்டு வயதோடு ஏறக்குறைய நிறுத்திக்கொண்டார். அதற்கு மேலும் சென்றவர் அமெரிக்கரான லாரன்சு கோல்பர்க். சிக்காகோ நகரில் பத்து, பதின்மூன்று, பதினாறு வயதுச் சிறுவரிடம் அவர் செய்த ஆய்வு 1958-இல் முடிவுற்றது. அவர் சொன்ன கதையில் ஹைன்சு என்பவன் மனைவி புற்றுநோயால் மரணத்தறுவாயில் இருக்கிறாள். மருந்துக்கு 200 டாலர் அடக்கம். கடைக்காரன் கேட்பது 2000. ஹைன்சு திரட்டியது பாதித்தொகையே. மருந்தைத் திருடலாமா? ஆம், இல்லை என்பது கோல்பர்க்குக்குப் பொருட்டன்று. சொல்லும் காரணத்தைக் கொண்டே ஆறு படிகளை வகுத்தார். தண்டனைக்கு அஞ்சுவது முதற்படி. அனைவர்க்கும் பொருந்தும் அறநெறியால் நடப்பது ஆறாம் படி. ஆறாம் படியில் நிற்போரைக் காண்பது அரிதாகவே, பின்னாளில் மதிப்பீட்டு நூலிலிருந்து அப்படியையே விலக்கவேண்டி வந்தது.

அவர் முதலில் ஆராய்ந்தோர் அனைவரும் ஆண்பிள்ளைகள். அவருடன் பணியாற்றிய கரோல் கில்லிகன் 1982-இல் எழுதிய நூலில் இக்குறையை எடுத்துக்காட்டினார். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, திருடவும் வேண்டாம், சாகவும் விடவேண்டாம், கடைக்காரரிடம் நிலைமையை எடுத்துச் சொல்லி வழிகாணவேண்டும் என்றாள். அளவுகோல் அவளுக்குக் குறைந்த மதிப்பெண்ணே தந்தது. பியாஜேயும் சிறுமியர் விளையாட்டில் விதிநுட்பம் குறைவு என்று எழுதி அத்தோடு அகன்றவரே.

வாசுதேவ், ஹம்மல் என்னும் இருவர் கோல்பர்க் முறையை இந்தியரிடம் கையாண்டு 1987-இல் முடிவை வெளியிட்டனர். படிகளின் வரிசை இந்நாட்டினரிடமும் பெரும்பாலும் அவ்வாறே காணப்பட்டது. ஆனால் சில விடைகளை அம்மதிப்பீட்டு நூலில் எந்தக் கட்டத்திலும் இட முடியவில்லை. மனைவிக்கு மாற்றாக வளர்ப்பு விலங்கு சாகக் கிடந்தால் என்ன செய்வது என்பதும் கோல்பர்க்கின் வினாக்களுள் ஒன்று. மனித உயிரின் மதிப்பை அறிய அது வைக்கப்பட்டது. இந்தியருள் சிலரோ உயிர் அனைத்தும் ஒன்று, கொல்லாமை எல்லா உயிர்க்கும் பொது என்று அதையே அடிப்படை அறமாகக் கூறினர். அளவுகோல் செய்தவர்க்கு அப்படி ஓர் அறம் மனத்தில் இருந்ததில்லை. ஆகவே அதற்கு எண்ணும் இல்லை.

அதே ஆண்டில் ஷ்வேடர், மகாபாத்ரா, மில்லர் மூவரும் புவனேசுவரக் குழந்தைகளையும் சிக்காகோக் குழந்தைகளையும் ஒப்பிட்டு எழுதினர். தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி உண்பது மிகப் பெருங்குற்றங்களுள் ஒன்று என்றனர் ஒரிசாவின் பிராமணக் குழந்தைகள். அமெரிக்கக் குழந்தைகளுக்கு அதில் குற்றமே தெரியவில்லை. நீதி நாட்டுக்கு நாடு வேறா? டூரியல் என்பாரும் உடன் ஆய்வோரும் இதற்கு விடை கூறினர்: தந்தையின் ஆன்மாவுக்கு அதனால் தீங்கு நேரும் என்று அக்குழந்தைகள் நம்புகின்றனர், பிறர்க்குத் தீங்கு செய்யலாகாது என்னும் அறம் இருவர்க்கும் ஒன்றே. டூரியல் கூட்டத்தார் முன்னரே வேறொன்றும் கண்டிருந்தனர். "ஆசிரியர் அனுமதித்தால் செய்யலாமா?" என்று சிறு குழந்தைகளைக் கேட்டால், பள்ளியின் வழக்கங்களை மீறலாம் என்பர், பிறரை அடிப்பதை மட்டும் ஆசிரியரே சொன்னாலும் ஆகாது என்பர். விதி அனைத்தும் பெரியோர் ஆக்கியவை என்று குழந்தை கருதுவதாகச் சொன்ன பியாஜேக்கு இது தக்க மறுமொழி.

மரக்கறி உண்ணும் பிள்ளைகள்

விதி, காரணம் என்னும் இவ்விரண்டும் நம் இல்லங்களுக்கு மிக அண்மையில் வரும் ஆய்வு ஒன்று உண்டு. கேரன் ஹுஸ்ஸார், பால் ஹாரிசு இருவரும் அமெரிக்காவில் ஆறு முதல் பத்து வயதுவரையுள்ள குழந்தைகளிடம் நடத்தி, 2010-இல் வெளியிட்டது. புலால் உண்ணும் குடும்பத்தில் பிறந்தும், தாமே மறுத்து மரக்கறி உண்போராக மாறிய குழந்தைகள் ஒரு பிரிவு. மரக்கறி உண்ணும் குடும்பத்திலேயே பிறந்து வளர்ந்தவர் ஒரு பிரிவு. புலால் உண்போர் ஒரு பிரிவு. 'ஏன்?' என்று ஒவ்வொருவரையும் கேட்டனர்.

தாமாக விட்ட குழந்தைகள் விலங்கு படும் துன்பத்தையே காரணமாகக் கூறினர். வீட்டு வழக்கால் மரக்கறி உண்ட குழந்தைகளிடம் அக்காரணம் அவ்வளவு வலுவாக எழவில்லை. சமயம், குடும்ப வழக்கம் என்பவையும் விடையாக வந்தன. உணவு ஒன்றே, அதன் பின்னுள்ள காரணம் வேறு. சூரியன் மறைந்தபின் உண்ணாமை, கிழங்கு விலக்கல், நீரை வடிகட்டிப் பருகுதல் முதலியவற்றைத் தாய்ப்பாலோடு பெறும் நம் பிள்ளைகளிடம் இவ்வினாவைக் கேட்டால் எவ்விடை வரும்? வீட்டில் யாரும் பார்க்காதபோதும், கல்லூரி விடுதிக்குச் சென்றபின்னும் எந்த விடை அவர்களைக் காக்கும்? ஏழு வயதில் "அப்படித்தான்" என்று சொல்லி வாயடைத்த 'ஏன்?' பதினேழு வயதில் வேறிடத்தில் எழுந்தே தீரும்.

அவ்வாய்வில் எவரும் எதிர்பாராதது ஒன்றும் உண்டு. தாமாகப் புலாலை விட்ட அக்குழந்தைகளிடம், புலால் உண்ணும் பிறரைப் பற்றிக் கேட்டனர். கடுந்தீர்ப்பு வரும் என்று ஆய்வாளர் எண்ணியிருக்கலாம். புலால் உண்பதில்லை என்று உறுதி பூண்டவர் அதனை மீறினால் குற்றம் என்றனர் அக்குழந்தைகள். அவ்வுறுதி பூணாதவரை அவர்கள் குற்றம் சாட்டவில்லை.